வெந்நீர்ப் பக்கம்

"அக்கா! துணி! துணி எடுத்துட்டு ஓடியா!"

குளியலறையிலிருந்து ரெவி போட்ட சத்தத்தில், அப்பாவின் உதட்டருகே நைரி பிடித்திருந்த பஞ்சுக் குச்சி நழுவிப் போர்வைமேல் விழுந்தது. அப்பா கண்ணைத் திறக்கவில்லை. மூச்சு மட்டும் ஒரு தடவை தடுக்கி, மறுபடி தன் பாட்டில் இழுக்கத் தொடங்கியது. வெதுவெதுப்பான தண்ணீர் இருந்த கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு, காலையில்தான் துவைத்து மடித்த துண்டுகளை அள்ளிக்கொண்டு ஓடினாள்.

வாஷ்பேசினுக்கு அடியில் ரெவி மல்லாந்து கிடந்தான். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த செம்புக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்திருந்தான். விரலின் இரண்டு பக்கமும் வெதுவெதுப்பான பழுப்பு நிறத் தண்ணீர் பீய்ச்சி, அவன் முகத்திலும் தலையிலும் அடித்துத் தரையெல்லாம் பரவிக்கொண்டிருந்தது.

"வாசல்ல வால்வை மூடினியா, இல்லியா?"

"மூடிட்டேன்க்கா. சத்தியமா மூடிட்டேன். பச்சத்தண்ணி நின்னு போச்சு, பாரு. இந்தக் கழுதை எங்கேர்ந்து வருதுன்னே தெரியல."

"எங்கேர்ந்து வரும்? உன் தலைக்கு மேலேர்ந்து வருது. கூரைத் தொட்டிய மறந்துட்டியா? பொறந்து வளந்த வீடுதானேடா இது?"

மறந்துதான் போயிருந்தான். கடல் தாண்டிக் குயின்ஸ்லாந்துச் சுரங்கத்தில் சம்பாதிக்கப் போனவன், அந்த ஊர்க்காரனாகவே ஆகிவிட்டான். அங்கே ஒரு வால்வை மூடினால் வீடு முழுக்க வறண்டுவிடும். குழாயைத் தொடுவதற்குக்கூட உரிமம் வாங்கிய ஆள்தான் வர வேண்டும். தென்கோடித் துறைமுக ஊரான பிளஃபில் அப்பா கட்டிய இந்தப் பழைய வீட்டிலோ பச்சைத் தண்ணீர் தெருவிலிருந்து ஒரு வழியில் வரும், வெந்நீர் இன்னொரு வழியில் வரும். கூரைக்குள் மேலே ஒரு தொட்டி. அதிலிருந்து இறங்கும் தண்ணீர்தான் பாய்லருக்குள் போய்ச் சூடாகி வெந்நீர்க் குழாயில் வரும். தெரு வால்வை மூடினாலும் தொட்டியில் இருப்பது தீரும்வரை வெந்நீர் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

நைரி பாய்லர் அலமாரியைத் திறந்து ஸ்விட்சை அணைத்தாள். அங்கிருந்த குட்டி வால்வைத் திருகிப் பார்த்தாள். பச்சைத் துரு ஏறி அது அசையவே மாட்டேன் என்றது.

"விரல எடுத்துட்டு வாளிய வை. தீர்ற வரைக்கும் ஓடட்டும்."

தரையில் மண்டிபோட்டுத் துண்டால் ஒற்றி ஒற்றிப் பிழிந்தாள். கையெல்லாம் பிசுபிசுத்தது. வெறும் துரு என்றால் இரும்பு வாசனை அடிக்க வேண்டும். இதில் வேறொன்றும் கலந்திருந்தது. இனிப்பும் அழுகலும் சேர்ந்த ஒரு வாடை. எங்கோ முகர்ந்த வாடைதான், எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

"என்னா நாத்தம்" என்றான் ரெவி, முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு.

"உனக்கு என்ன தெரியும் நாத்தத்தப் பத்தி?" என்றாள் நைரி. மனதில் நாள்கணக்காக ஊறிக் கிடந்தது அது. தம்பி வந்ததிலிருந்து புல் வெட்டினான், கூரை ஓரத் தகரத்தில் அடைந்த சருகை அள்ளினான், கீல்களுக்கெல்லாம் எண்ணெய் போட்டான். அப்பா படுத்திருக்கும் அறைக்குள் மட்டும் கால் வைக்கவில்லை. நிலைப்படியில் நின்று வெளியே மழையா வெயிலா என்று கேட்பதுபோல "எப்படி இருக்காரு?" என்று கேட்பான், போய்விடுவான். டயப்பர் மாற்றும் நேரம் பார்த்து அவனுக்குக் கடையில் ஏதாவது வாங்க வேண்டியிருக்கும். நேற்று இன்வர்கார்கிலுக்குப் போய்ப் பளபளவென்று ஒரு மிக்ஸர் குழாயும், எஃகு நூல் பின்னிய இரண்டு கனெக்‌ஷன் பைப்பும் வாங்கி வந்திருந்தான். அப்பா சாகக் கிடக்கிறார், மகனுக்குக் குழாய் மாற்ற வேண்டும்.

அப்பா தியோனே ஆயுள் முழுக்கச் சிப்பிப் படகில் போனவர். இலையுதிர் காலத்தில் பறவைத் தீவுக்குப் போவார். அங்கே மண் வளைக்குள் கையை விட்டுக் தீத்தீ என்னும் கடற்பறவையின் கொழுத்த குஞ்சுகளை இழுத்துப் போட்டு, இறகு பறித்து, குடலெடுத்து, உப்பிட்டு வாளிகளில் அடைப்பார்கள். அந்த எண்ணெய் வாடை தலைமுடியில் ஏறினால் ஒரு மாதத்துக்குப் போகாது. மற்ற ஆண்கள் அப்படியே பாருக்குப் போய் உட்காருவார்கள். தியோனே படகுத்துறையிலேயே சட்டையைக் கழற்றி, மஞ்சள் சோப்பால் தேய்த்துத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் வீட்டு வாசலை மிதிப்பார். நோய் முற்றியபோது மகளிடம் அவர் கேட்டதும் அது ஒன்றைத்தான்.

"ஊசி போடு, போடாட்டி விடு, அது உன் இஷ்டம். என்னை நாற மட்டும் விட்டுடாத. செத்தாலும் கழுவாம எவன் கையிலயும் குடுத்துடாத. நம்ம குயினி மூக்கு உனக்குத் தெரியும்."

குயினி அத்தை அப்பாவின் அக்கா. மூடியைத் திறக்காமலே எந்த வாளியில் எந்தப் பறவை கெட்டிருக்கிறது என்று சொல்லும் மூக்கு. இன்றைக்கு ரிவர்ட்டனிலிருந்து தம்பியைப் பார்க்க வருகிறாள்.

நைரி சொன்ன சொல் காப்பாற்றினாள். தன் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கேயே வந்து தங்கினாள். காலையும் மாலையும் வெந்நீர் பிடித்து, மடிப்பு மடிப்பாகத் துடைத்து, பவுடர் போட்டு வைத்திருந்தாள். பச்சைத் தண்ணீர் ஈறில் கூசுகிறது என்று முகம் சுளித்தார். அதனால் உதட்டை நனைப்பதும் வெந்நீரில்தான். அப்படியெல்லாம் செய்தும் சில வாரங்களாக அவர் ஒரே பாட்டுப் பாடினார்.

"நாறுது."

"என்னப்பா நாறுது? இப்பத்தானே கழுவினேன்?"

"தண்ணி நாறுது."

மருந்து செய்யும் வேலை, சிலருக்கு மூக்கு அப்படிக் குழம்பும் என்றாள் வந்து போகும் நர்ஸ். ஒருநாள், இரண்டு தடவை படுக்கை மாற்றி இடுப்பு விட்டுப்போன ஒரு நாளில், நைரி கத்திவிட்டாள். "தண்ணில ஒண்ணுமில்லப்பா. நாத்தம் உங்க மேலதான்!" அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. பஞ்சுக் குச்சி பக்கத்தில் வந்தால் உதட்டை இறுக்கி மூடிக்கொள்வார், அவ்வளவுதான்.

தண்ணீர் மெலிந்து, சொட்டி, நின்றது. நின்ற பிறகுதான் வாடை அதிகமானது. நடைக்கூடத்தின் மேலே, கூரைக்குள் ஏறுவதற்கு இருக்கும் சதுரப் பலகையின் இடுக்கு வழியாக இறங்கி வந்தது. ரெவி அண்ணாந்து பார்த்தான்.

"மேல ஏதோ இருக்குக்கா."

"ஏறிப் பாரு. அதுக்காவது பிரயோஜனப்படு."

ஏணி வைத்து ஏறினான். பலகையைத் தள்ளியதும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றான். பிறகு கைபேசி விளக்கோடு உள்ளே நுழைந்தான். மரச்சட்டங்களில் அவன் முட்டி உரசும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

"என்னடா?"

"தொட்டி மூடி நகந்திருக்கு."

"சரி, மூடு."

"அக்கா, ஒரு வாளி குடு. மூடி போட்ட வாளி."

தீத்தீ வாளி ஒன்றை ஏற்றிக் கொடுத்தாள். அவன் மேலே ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்து இறங்கினான். முகம் வெளிறி, மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தான்.

"காட்டு."

"வேணாம்க்கா."

"காட்டுடா."

அவனுக்குத் தர மனமில்லை. அவளே பிடுங்கி மூடியைத் திறந்தாள். எலிகள். ஒன்று முழுசாக இருந்தது, ஊதி, மயிர் பாதி உரிந்து. இன்னொன்று எலும்பும் கூழுமாக இருந்தது, வால் மட்டும் அப்படியே இருந்தது. அடியில் கொழுப்பு படிந்த பழுப்புக் குழம்பு. நேற்றைக்கு முந்தாநாள் விழுந்தவை அல்ல அவை. மாதக்கணக்கில் ஊறியவை.

அவை ஊறிய தண்ணீரைத்தான் காலையும் மாலையும் பிடித்திருக்கிறாள். அந்தத் தண்ணீரில் துணியை நனைத்து அவருடைய கண்ணிமையைத் துடைத்திருக்கிறாள். பல்செட்டைக் கழுவியிருக்கிறாள். சற்று முன்புகூட அதைத்தான் சொட்டுச் சொட்டாக அவர் வாய்க்குள் விட்டுக்கொண்டிருந்தாள். அவர் நாறுகிறது என்றார். நாறத்தான் செய்தது.

நைரி சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குள் ஓடி, குழாய் இல்லாத பேசினில் வாந்தியெடுத்தாள். கொப்புளிக்கத் தண்ணீரில்லை. நாக்கைத் துண்டால் துடைத்தாள். அந்தத் துண்டும் அதே தண்ணீரில் நனைந்தது என்பது துடைத்த பிறகுதான் உறைத்தது. மறுபடி வாந்தி வந்தது. குழாய் மாற்றப் போய்ப் பூதம் கிளம்பியது போலாயிற்று. பின்னால் ரெவி "அக்கா, அக்கா" என்று முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

அப்போதுதான் இருவருக்கும் ஒன்று புரிந்தது. அப்பா அறையிலிருந்து வந்துகொண்டிருந்த அந்த இழுப்புச் சத்தம் நின்றுபோயிருந்தது.

போய்ப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது, கண் பாதி. இவர்கள் வழக்கத்தில் சாகிறவரைத் தனியாக விடக் கூடாது. எத்தனை பேர் வீட்டில் இருந்தாலும் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு பிள்ளைகளும் ஒரு வாளியைச் சுற்றி நின்று செத்த எலியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தியோனே தனியாகப் போய்விட்டார். போகும்போது உடம்பு கடைசியாக ஒரு தடவை கழித்திருந்தது. போர்வைக்கு மேலேயே அது தெரிந்தது.

ரெவி நிலைப்படியில் நின்றான்.

"உள்ள வா" என்றாள் நைரி.

வந்தான். கட்டில் காலருகே நின்று, மூக்கைப் புறங்கையால் மறைத்துக்கொண்டான். அவனுக்கு அழுகை வந்துகொண்டிருந்தது, குமட்டலும் வந்துகொண்டிருந்தது. எதை முதலில் அடக்குவது என்று தெரியாமல் விழித்தான்.

"அத்தை கிளம்பிட்டாளாம். இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துடுவா" என்றாள் நைரி. "அதுக்குள்ள அப்பாவக் கழுவணும். சவப்பெட்டிக்காரங்களுக்குச் சொன்னா சாயங்காலமே வண்டி வந்துடும். அவங்க கையில இப்படிக் குடுக்க மாட்டேன்."

"தண்ணி?"

"அதத்தான் நானும் கேக்குறேன். தண்ணி எங்க?"

வீட்டில் ஒரு சொட்டு இல்லை. தெரு வால்வைத் திறக்கலாமென்றால் குளியலறையில் பச்சைத் தண்ணீர்க் குழாயும் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. திறந்தால் வீடே நீந்தும். அந்த நேரம் பார்த்து வாசல் கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டுக் காலின், இடுப்பில் துண்டும் தலை நிறைய ஷாம்பூ நுரையுமாக நின்றிருந்தார். இரண்டு வீட்டுக்கும் பொது வால்வு அது. ஒன்றை மூடினால் இரண்டும் வறண்டுவிடும்.

"ஏம்மா, தண்ணிய அணைக்கிறதுன்னா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? கண்ணு எரியுது."

"அப்பா போயிட்டாரு காலின்."

காலின் நுரையோடு அப்படியே நின்றார். ஒரு கட்டி நுரை வழிந்து புருவத்தில் தங்கியது. "அடப்பாவமே" என்றார். கையை நீட்டுவதா வேண்டாமா என்று யோசித்து, துண்டைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்ததால் நீட்டாமல் விட்டுவிட்டார். "நல்ல மனுஷன். எனக்கு அவசரமில்லம்மா, நான் இப்படியே இருந்துக்கறேன்." நுரையோடே திரும்பிப் போனார்.

நைரி குளியலறைக்குப் போய் வாஷ்பேசினுக்கு அடியில் புகுந்தாள். "வா. அந்தக் குழாய மாட்டு."

பழைய பேசினில் இரண்டு ஓட்டை. ஒன்றில் புதுக் குழாயை நிறுத்தி, மற்றதில் வெள்ளை மூடி ஒன்றைச் சொருகினான் ரெவி. கனெக்‌ஷன் பைப்புகளை ஒவ்வொன்றாகக் குழாயின் அடியில் திருகினான். ஒன்றில் நீலக் கோடு, ஒன்றில் சிவப்புக் கோடு. நீலத்தின் மறுமுனையைச் சுவர்க் குழாயில் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஸ்பேனரால் இருக்கிற பலமெல்லாம் போட்டு இறுக்கினான். போய் வால்வைத் திறந்தான். இணைப்பிலிருந்து நைரியின் கழுத்தில் தண்ணீர் சீறியது.

"மூடு! மூடு!"

கழற்றிப் பார்த்தபோது உள்ளே இருந்த ரப்பர் வாஷர் நசுங்கி, பாதியாகப் பிய்ந்திருந்தது. பொட்டலத்தின் பின்னால் படத்தோடு போட்டிருந்தது. கையால் இறுகும் வரை, அப்புறம் ஸ்பேனரில் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம்.

"இதக்கூடப் படிக்க மாட்டியா?"

"எவ்வளவு இறுக்குறேன்னே தெரியல."

"சிவப்புலேர்ந்து வாஷர எடுத்துக்கலாம். இனிமே வெந்நீர்ப் பக்கம் யாருக்கு வேணும்?"

எடுத்தாள். கை வழுக்கியது. ரப்பர் வட்டம் கீழே வாளிக்குள், பாய்லரிலிருந்து வந்த குழம்பும் பேசின் அடியிலிருந்து ரெவி கழற்றிக் கொட்டியிருந்த மயிர்ச் சுருளும் மிதக்கும் அந்த வாளிக்குள் விழுந்து மூழ்கியது. ரெவி அவளைப் பார்த்தான். நைரி கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டாள். அடியில் வழவழவென்று ஏதேதோ விரலில் சுற்றியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவித் தடவி, கடைசியில் கண்டுபிடித்தாள். இரண்டு பேர் தலையும் பேசினுக்கு அடியில் முட்டிக்கொண்டிருந்தன. ஒருவர் மூச்சு மற்றவர் முகத்தில் பட்டது, இரண்டும் நாறின.

"அப்பா செத்துட்டிருக்கும்போது குழாய் மாத்தணும்னு உனக்கு எப்படிடா தோணிச்சு?"

"எனக்கா தோணல. அப்பாதான் சொன்னாரு."

"எப்ப?"

"நீ தூங்கும்போது. விடியக்காலைல போயி உக்காருவேன். அப்பதான் எனக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கும்." அவன் பைப்பைப் பார்த்தே பேசினான். "'நான் போயிட்டா ஊரே வரும். பொணத்தப் பாத்துட்டு வெளிய வர்றவன் நம்ம வழக்கப்படி தண்ணில கை நனைக்கணும். அதுக்கு இந்தக் குழாயா? திருகினா மூஞ்சில துப்புது, அதுலயும் நாத்தத் தண்ணி. மாத்துடா'ன்னாரு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலயே."

ரெவி நட்டைத் திருகினான். "உன்கிட்டத் தண்ணியப் பத்திப் பேச பயமாயிருக்குன்னாரு" என்றான்.

நைரி வாஷரைத் தன் சட்டையில் துடைத்தாள். திருப்பித் துடைத்தாள். பைப்பின் வாய்க்குள் தானே வைத்து, தானே கையால் திருகினாள். இறுகியதும் ஸ்பேனரைக் கேட்டாள். கால் சுற்று. நிறுத்தினாள். சிவப்பு பைப்பின் முனையை வாளிக்குள் தொங்கவிட்டு, குழாயின் கைப்பிடியைப் பச்சைத் தண்ணீர்ப் பக்கம் முழுக்கத் தள்ளி, அது திரும்பாதபடி ஒரு கிழிசல் துணியால் கட்டினாள். ரெவி மறுபடி கூரைக்குள் ஏறி, தொட்டி நிரம்பாதபடி மிதவையைக் கம்பியால் தூக்கிக் கட்டிவிட்டுத் தெருவுக்கு ஓடினான்.

குழாய் இரண்டு தடவை இருமிவிட்டுத் தண்ணீர் கொட்டியது. தெளிந்த, பல் கூசுகிற, மணமற்ற தண்ணீர். பக்கத்து வீட்டில் காலினின் குழாயும் ஓடும் சத்தம் கேட்டது. நைரி குனிந்து இணைப்பை விரலால் சுற்றித் தடவினாள். ஈரமில்லை.

கெட்டிலிலும் பாத்திரங்களிலும் பிடித்துக் காய்ச்சினார்கள்.

"இன்னிக்கு நீ கழுவு. நான் புடிச்சுக்கறேன்" என்றாள்.

"எனக்கு முடியாதுக்கா. வாந்தி வந்துரும்."

"வந்தா வெளிய போயி எடுத்துட்டுத் திரும்பி வா. மூக்க மட்டும் மூடாத. அவரு ஒருநாளும் நம்ம பீத்துணியத் துவைக்கும்போது மூக்க மூடினதில்ல."

ரெவி இரண்டு தடவை வெளியே போனான். இரண்டு தடவையும் திரும்பி வந்தான். மூன்றாவது தடவை போகவில்லை. பெரிய முரட்டுக் கையால் அப்பாவின் தொடையிடுக்கை, முதுகின் புண்ணோரத்தை, விரலிடுக்குகளை மஞ்சள் சோப்பால் தேய்த்தான். கண்ணீர் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது, அதையும் சேர்த்தே துடைத்தான். வாயை மட்டும் நைரி அவனிடம் விடவில்லை. புதுப் பஞ்சு எடுத்தாள். ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்பக்கம். துடைத்த பஞ்சைப் போட்டுவிட்டு இன்னொன்று எடுத்தாள். அதையும் போட்டுவிட்டு இன்னொன்று. பொட்டலம் தீரும்வரை நிறுத்தவில்லை.

"போதும்க்கா" என்றான் ரெவி.

அவளுக்குப் போதவில்லை.

சலவைச் சட்டை போட்டு, முடி வாரி, ஜன்னலைத் திறந்து வைத்தபோது வாசலில் கார் நின்றது. குயினி அத்தை இறங்கினாள். கேட்டருகே நின்ற ரெவியின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அங்கேயே நின்று, தங்கள் குலத்தின் பழைய மொழியில் தம்பியைக் கூவி அழைத்தாள். குரல் தெருமுனை வரை போயிற்று. பக்கத்து வீட்டில் காலின், உலர்ந்த தலையோடு, வெளியே வந்து தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

அத்தை கோலை ஊன்றி நேரே அறைக்குள் வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, குனிந்து, தங்கள் முறைப்படி தம்பியின் மூக்கோடு தன் மூக்கை வைத்து அழுத்தினாள். நெற்றியும் நெற்றியும் ஒட்டியிருந்தன. நைரி சுவரோரம் நின்றாள். அத்தையின் மூக்குத் துவாரம் விரிவதும் சுருங்குவதும் அவளுக்குத் தெரிந்தது. மூச்சு ஒன்று, இன்னொன்று. அத்தை மெல்லத் தலையைத் தூக்கினாள்.

"எந்தத் தண்ணில கழுவின?"

ரெவி வாயைத் திறந்தான். நைரி முந்திக்கொண்டாள்.

"தெருத் தண்ணி அத்தை. கெட்டில்ல காய்ச்சினது."

அத்தை மறுபடி குனிந்து தம்பியின் கழுத்தை, காதின் பின்பக்கத்தை, மூடிய வாயோரத்தை முகர்ந்தாள். அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"சோப்பு வாசம்தான் அடிக்குது. படகுத்துறையிலேர்ந்து வந்தவனாட்டம் இருக்கான்" என்றாள். அவள் குரல் உடைந்தது. பிறகு நைரி பக்கம் திரும்பி, ஒரு தடவை காற்றை இழுத்துப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. "நாத்தம் உன் மேலதான்டி. என்னத்துக்குள்ள விழுந்து எழுந்த? போ, போயிக் குளிச்சுட்டு வா. ஜனங்க வர ஆரம்பிச்சுருவாங்க."

நைரி அறையை விட்டு வெளியே வந்தாள்.

குளியலறைத் தரையை ரெவி துடைத்து வைத்திருந்தான். தீத்தீ வாளி மூடியோடு பின்வாசலுக்குப் போயிருந்தது. கைப்பிடியில் கட்டிய கிழிசல் துணி அப்படியே இருந்தது. குழாயைத் திறந்து சோப்பை எடுத்து, விரலிலிருந்து முழங்கை வரை தேய்த்தாள். அலம்பினாள். மறுபடி தேய்த்தாள். பச்சைத் தண்ணீரில் கை சிவந்து மரத்துப்போனது. நடைக்கூடத்தில் புதிய காலடிச் சத்தங்கள் கேட்டன. அப்பாவின் அறையை விட்டு வந்த யாரோ தாழ்ந்த குரலில் "கை நனைக்க எங்க?" என்று கேட்டார்கள்.

"இதோ, அந்தக் கதவு" என்றான் ரெவி.

நைரி குழாயை மூடினாள். குனிந்து, நீலக் கோட்டு பைப்பின் இணைப்பை இன்னொரு தடவை விரலால் சுற்றித் தடவிப் பார்த்தாள். உலர்ந்திருந்தது. பிறகு அந்த விரல்களை மூக்கருகே கொண்டுபோனாள்.